“பதிமூணாவதுக்கு என்னடா போட்டே?”

காஞ்சிபுரம் பக்கத்தில் புள்ளலூர் என்று ஒரு கிராமம். வயல்வெளியில் இரண்டு பழைய தூண்கள் நிற்கின்றன. 1781-ல் அங்கே நடந்த சண்டையில் செத்துப்போன இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகளின் நினைவுத் தூண்கள். அவற்றைப் பார்க்கத்தான் ஒருநாள் போயிருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸுக்காகக் காத்திருந்தால், பக்கத்தில் இன்னொரு சண்டை!

அன்றைக்குப் பத்தாம் வகுப்பு கணக்குப் பரீட்சை. இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். நான்கு பேர் கையிலும் கேள்வித்தாள்.

“பதிமூணாவது ஒன் மார்க்குக்கு என்னடா போட்டே?”

“ரெண்டு பை.”

“போச்சு! மூணு பைடா.”

“ரெண்டு பைதான். கோளத்துக்கு நாலு, அரைக்கோளத்துக்கு ரெண்டு. பாதிதானே?”

கேள்வி இதுதான். ஓர் அரைக்கோளத்தின் மொத்தப் பரப்பு அதன் ஆரத்தின் வர்க்கத்தைப் போல எத்தனை மடங்கு? உங்களில் பலர் பள்ளிக்கூடத்தில் போட்ட கணக்குதான். பையன் சொன்னது முதல் காதில் சரியாகத்தான் படும். முழுசுக்கு நாலு என்றால் பாதிக்கு இரண்டுதானே? எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பஸ் வருவதற்குள் வழக்கு முடியவில்லை. அது எப்படி முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், கேள்வி ஒன்று, விடை இரண்டு என்ற தகராறு புள்ளலூருக்குப் புதிதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி படையோடு காஞ்சியை நோக்கி வந்தான். எதிரே பல்லவன் மகேந்திரவர்மன். ஜெயித்தது யார்? புலிகேசி பக்கத்து விடைத்தாள் கர்நாடகத்தில் ஐஹொளேயில் இருக்கிறது. 634-ம் வருஷத்துக் கல்வெட்டு. எங்கள் படை கிளப்பிய புழுதிக்குப் பயந்து பல்லவன் காஞ்சிக் கோட்டைச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான் என்கிறது அது. பல்லவர் பக்கத்து விடைத்தாள் காசாக்குடிச் செப்பேடு. மகேந்திரவர்மன் தன் முக்கியமான எதிரிகளைப் புள்ளலூரில் அழித்தான் என்கிறது இது. எதிரி யார் என்று பெயர் சொல்லவில்லை. புலிகேசியாகத்தான் இருக்கும் என்பது வரலாற்று ஆசிரியர்களின் ஊகம். இரண்டு பேருமே தங்களுக்குத் தாங்களே முழு மார்க் போட்டுக்கொண்டார்கள்!

ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து, 1780 செப்டம்பர் 10. அதே புள்ளலூர். கர்னல் வில்லியம் பெய்லியின் கீழ் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை. ஏறக்குறைய 3,800 பேர். எதிரே ஹைதர் அலியும் மகன் திப்புவும். சுமார் பத்து மைல் தூரத்தில், காஞ்சிபுரத்தில், ஹெக்டர் மன்றோ பெரிய படையோடு இருந்தார். நேரத்துக்கு வந்து சேரவில்லை. மைசூர்க்காரர்களின் ராக்கெட்டும் பீரங்கியும் முழங்க, கம்பெனிப் படையின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. படை அழிந்தது. பெய்லி கைதாகி, 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே இறந்துபோனார். இப்போதும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் கோடைக்கால மாளிகைச் சுவரில் இந்தச் சண்டை ஓவியமாக இருக்கிறது. பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார் பெய்லி. அடுத்த வருஷம் ஆகஸ்ட் 27-ல் அதே இடத்தில் மறுபடியும் சண்டை. இந்தத் தடவை கம்பெனிக்கு சர் அயர் கூட் தலைமை. ஹைதர் பின்வாங்கினார். ஆனால், அவர் படை குலையவில்லை. நான் பார்க்கப் போன தூண்கள் அந்த நாளின் மிச்சம்.

‘கணக்குப் பரீட்சையில் ஆரம்பித்து எங்கேயோ போகிறாரே’ என்று நினைக்காதீர்கள். அந்தப் பிள்ளைகள் கையிலிருந்த கேள்வித்தாளுக்கும் இந்தச் சண்டைகளுக்கும் ஒரு உறவு இருக்கிறது.

சண்டை என்றால் சாவு. சாவு என்றால் அநாதைகள். மதராஸில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் போரிலும் காய்ச்சலிலும் செத்துக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன பையன்களுக்காக எழும்பூரில் ஒரு விடுதி திறந்தார்கள். 1789-ல் அதைக் கவனிக்கும் பொறுப்பு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியாருக்கு வந்தது. வாத்தியார்கள் சரியில்லை, பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறவில்லை, காசும் இல்லை. என்ன செய்வது என்று மனிதர் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலையில் குதிரையில் போகும்போது வழியில் ஒரு நாட்டுப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். அட! காகிதம் வேண்டாம், மை வேண்டாம், தப்பாக எழுதினால் ஒரு தடவல்! பெல் திரும்பி வந்து இதையே செய்யச் சொன்னார். வெள்ளைக்கார வாத்தியார்கள் முடியாது என்றார்கள். பெல் அவர்களை விட்டுவிட்டு, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயசுப் பையனைக் கூப்பிட்டு, ‘சின்னவர்களுக்கு நீ சொல்லிக்கொடு’ என்றார். அவன் சொல்லிக்கொடுத்தான்!

மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பது நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ரொம்ப நாளாக இருந்த வழக்கம்தான். சட்டாம்பிள்ளை என்ற வார்த்தையை உங்கள் தாத்தா பாட்டி வாயில் கேட்டிருப்பீர்களே, அவன்தான். பெல் இதையெல்லாம் 1797-ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றைக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மதராஸ் காலேஜ் என்று பெயர். பெல் விட்டுப்போன பணத்தில் உண்டானது. நம் ஊர் மணலுக்கு ஸ்காட்லாந்தில் ஒரு ஞாபகச் சின்னம்!

அந்தத் திண்ணையில் கணக்கு எப்படிப் படித்தார்கள்? சத்தமாக! எண்சுவடியை ஒருவன் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். மா என்றால் இருபதில் ஒன்று. காணி என்றால் எண்பதில் ஒன்று. முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று. இத்தனை பின்னங்களும் நாக்கில் உட்கார்ந்திருக்கும். நெல் அளக்கவும், நிலம் அளக்கவும், வட்டி போடவும் வேண்டுமே! அங்கே விடையைக் கைக்குள் மறைத்துக்கொள்ள வழியில்லை. நீ சொல்வது எனக்குக் கேட்கும், நான் சொல்வது உனக்குக் கேட்கும். தப்பு செய்தால் அங்கேயே தெரியும், அங்கேயே திருத்துவார்கள். பக்கத்துப் பையனைக் கேட்பது குற்றமே இல்லை. அதுதான் பாடம்.

உடனே ‘ஆகா, அந்தக் காலம் பொற்காலம்’ என்று கிளம்பிவிடாதீர்கள். தப்பு செய்தவனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையும் அதே திண்ணையில்தான் இருந்தது. இன்னொன்றும் உண்டு. 1822-ல் மதராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ மாகாணத்துப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். (காஞ்சிபுரத்தில் உட்கார்ந்திருந்த மன்றோ வேறு, இவர் வேறு.) 12,498 பள்ளிக்கூடங்கள், 1,88,650 பிள்ளைகள் என்று வந்தது. அதில் பெண் பிள்ளைகள் 4,540 பேர்தான். தீண்டாமை நடந்த ஊர்களில் அந்தத் திண்ணை எல்லோருக்கும் பொதுவாக இருந்திருக்குமா என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி பரீட்சைக்கு வருவோம். மதராஸ் முறை இங்கிலாந்துக்குப் போனது என்றால், பரீட்சை முறை அங்கிருந்து இங்கே வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ‘டிரைபாஸ்’ என்று ஒரு கணக்குப் பரீட்சை. முதலில் லத்தீனில் வாய்வாதமாக நடந்துகொண்டிருந்தது, 18-ம் நூற்றாண்டில் மெல்ல மெல்ல எழுத்துப் பரீட்சையாக மாறியது. முடிவில் எல்லோரையும் மார்க் வரிசையில் நிறுத்தி, முதல் ஆள் யார், கடைசி ஆள் யார் என்று எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள். முதலில் வந்தவர் ‘சீனியர் ராங்லர்’. அவர் பெயர் பேப்பரில் வரும். கடைசியில் வந்தவருக்கு என்ன தெரியுமா? பெரிய மரக் கரண்டி! மாணவர்கள் மாடத்திலிருந்து கயிறு கட்டி அவர் தலைக்கு மேலே இறக்குவார்கள்.

1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து வைத்த பல்கலைக்கழகம். ஆரம்பத்தில் அதன் முக்கியமான வேலை பாடம் நடத்துவது இல்லை, பரீட்சை வைப்பதுதான்! மாகாணம் முழுக்க ஒரே நாள், ஒரே கேள்வித்தாள். மூச்சு விடாமல், பக்கத்தில் திரும்பாமல், தனியாக எழுதவேண்டும். திண்ணையில் பாடமாக இருந்தது இங்கே காப்பியடிக்கும் குற்றமாகிவிட்டது.

இதில் நல்லது இல்லையா? நிச்சயம் உண்டு. விடைத்தாளில் இருப்பது நம்பர். திருத்துகிறவருக்கு அப்பன் பெயர் தெரியாது, சாதி தெரியாது, தெரு தெரியாது. புள்ளலூர்ப் பிள்ளைக்கும் மயிலாப்பூர்ப் பிள்ளைக்கும் ஒரே அரைக்கோளம்தான். திண்ணையில் ஏறமுடியாதவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இந்த நம்பர் வழியாகத்தான் மேலே வந்தார்கள். அதை மறந்துவிட்டுப் பரீட்சையைத் திட்டுவது நியாயமில்லை.

ஆனால், மார்க் என்று ஒன்று வந்ததும் அதன் கூடவே இன்னொன்றும் வந்தது. உனக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு?

1892 அக்டோபரில் ஒரு சின்னப் பையனைத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். தாத்தாவுக்குக் காஞ்சிபுரம் கோர்ட்டில் உத்தியோகம், அதனால் கொஞ்ச காலம் அந்த ஊரில் வாசம். தாத்தாவுக்கு வேலை போனதும் அம்மாவோடு கும்பகோணம் திரும்பினான். 1897 நவம்பரில் பிரைமரி பரீட்சையில் ஜில்லாவிலேயே முதல் மார்க். அவன் பெயர் ராமானுஜன்.

அந்தப் பள்ளிக்கூட நாட்களில் ஒரு கணக்குப் பரீட்சை. மொத்தம் 45 மார்க். முடிவு வந்ததும் பையன்கள் மார்க்கை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ராமானுஜனுக்கு 42. சிநேகிதன் சாரங்கபாணிக்கு 43. ஒரே ஒரு மார்க்! ராமானுஜன் சிநேகிதனோடு பேசுவதை நிறுத்திவிட்டான். ‘மற்ற பாடங்களில் நீதானே அதிகம்’ என்று சாரங்கபாணி சமாதானம் சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை. கணக்கில் எப்போதும் நான்தானே முதல் என்று அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினான்.

இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் கணித மேதைகளில் ஒருவர் 42-க்கும் 43-க்கும் நடுவில் நின்று அழுதிருக்கிறார். உங்கள் வீட்டுப் பிள்ளை அழுதால் கேலி செய்யாதீர்கள்.

அதே சமயத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பிள்ளை. பெயர் ஹார்டி. சின்ன வயசில் எனக்குக் கணக்கின் மேல் பெரிய காதல் ஒன்றும் இல்லை, மற்றப் பையன்களைத் தோற்கடிக்க அது வசதியான வழியாக இருந்தது, அவ்வளவுதான் என்று பிற்பாடு அவரே ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். 1898-ல் டிரைபாஸ் எழுதினார். நாலாவது ராங்லர். அந்தப் பரீட்சைக்குத் தயார் செய்யும் லட்சணத்தைப் பார்த்து வெறுத்துப்போய், கணக்கை விட்டுவிட்டு வரலாறு படிக்கப் போகலாமா என்றுகூட யோசித்தவர் அவர். (நல்லவேளை!) பின்னால் அந்த வரிசை முறையை ஒழிக்கச் சண்டை போட்டவர்களில் முக்கியமானவர். 1909-ல்தான் கடைசியாக வரிசைப்படி பெயர் வாசித்தார்கள். மரக் கரண்டிக்கும் அதுதான் கடைசி வருஷம்.

இங்கே ராமானுஜன் கதை தெரிந்ததுதான். 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் காலேஜ். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனசு போகவில்லை. உதவித்தொகை போனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. பரீட்சையில் ஃபெயில். 1907-ல் மறுபடியும் ஃபெயில். உடற்கூறு பாடத்தில் மார்க் படுமோசம். எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் என்பது எவ்வளவு பெரிய நியாயமோ, அது சில சமயம் எவ்வளவு பெரிய குருடு என்பதற்கும் இவர்தான் சாட்சி.

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. சம்பளம் மாசம் 30 ரூபாய். 1913 ஜனவரி 16-ம் தேதி கேம்பிரிட்ஜுக்கு ஒரு கடிதம் எழுதினார். பக்கம் பக்கமாக விடைகள். வழிமுறை இல்லை. நம் வாத்தியார்கள் பார்த்திருந்தால் ‘ஸ்டெப்ஸ் எங்கே?’ என்று சுழித்திருப்பார்கள்!

கடிதம் ஹார்டி கைக்குப் போனது. ராத்திரி அவரும் சகா லிட்டில்வுட்டும் அந்தக் காகிதங்களை மேஜையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? விடையை ஒத்துப் பார்த்தார்கள்! இது முன்பே ஒருத்தர் கண்டுபிடித்தது. இது கொஞ்சம் முயன்றால் நிரூபித்துவிடலாம். இது எங்கேயும் பார்த்ததே இல்லை, ஆனால் உண்மையாகத்தான் இருக்க வேண்டும், பொய்யாக இப்படி ஒன்றைக் கற்பனை செய்ய எவனாலும் முடியாது. நடுராத்திரிக்குள் ஒரு மேதையைப் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த விடைகளில் சில தப்பு! பகா எண்களைப் பற்றி ராமானுஜன் எழுதியதில் கோளாறு இருந்தது. ஹார்டி அதைக் கண்டுபிடித்தார், ராமானுஜனுக்கு எழுதினார். ஆனால் அதற்காக மார்க் குறைத்துத் திருப்பி அனுப்பவில்லை. நீ எப்படி இங்கே வந்து சேர்ந்தாய், சொல் என்று கேட்டார். 42 என்றதும் அழுத அதே மனிதர், தன் தப்பைச் சொன்ன ஆளிடம் இந்தத் தடவை கோபித்துக்கொள்ளவில்லை. என் உழைப்பை அனுதாபத்தோடு பார்க்கும் ஒரு நண்பர் கிடைத்தார் என்று பதில் எழுதினார். 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். எஃப்.ஏ. தேறாதவர் 1918-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். 1920 ஏப்ரலில், 32 வயசில் போய்ச் சேர்ந்தார்.

கொசுறாக ஒன்று. வரிசை முறையை ஒழித்த ஹார்டிக்கும் மார்க் போடும் பழக்கம் போகவில்லை. பிற்பாடு கணித மேதைகளுக்கு நூற்றுக்கு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டாராம். தனக்கு 25. லிட்டில்வுட்டுக்கு 30. ஜெர்மனியின் ஹில்பர்ட்டுக்கு 80. ராமானுஜனுக்கு 100! பால் ஏர்டிஷ் என்ற கணித மேதை சொல்லிச் சொல்லிப் பரவிய கதை இது. மனிதப் புத்தி, என்ன செய்ய!

ஆக, பரீட்சை முடிந்து வெளியே வரும் பிள்ளைகள் செய்யும் காரியத்தில் இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று, யார் முந்தியவர் என்று பார்ப்பது. இன்னொன்று, எது சரி என்று பார்ப்பது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். முதலாவதில் ஒருவர் சிரிக்க இன்னொருவர் அழுதே ஆகவேண்டும். இரண்டாவதில் இருவருமே ஒன்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகலாம். மூன்று மணி நேரம் ‘திரும்பாதே’ என்று பிரித்து உட்காரவைத்த பிள்ளைகள், கேட்டைத் தாண்டியதும் கூடி நின்று சத்தமாகக் கணக்குப் பேசுகிறார்களே, அது பழைய திண்ணை திரும்பி வருவது. ‘முடிந்த பரீட்சையைப் பற்றிப் பேசாதே, அடுத்ததுக்குப் படி’ என்று நாம் விரட்டுகிறோம். பயத்தில் சொல்கிறோம், புரிகிறது. ஆனால், எல்லாப் பிள்ளைகளும் தாங்களாகவே கணக்கு பேசுகிற நாள் வருஷத்தில் அது ஒன்றுதானே!

தமிழக அரசு 2017-ல் ஒரு நல்ல காரியம் செய்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பில் மாநிலத்தில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று அறிவிப்பதை நிறுத்திவிட்டது. கேம்பிரிட்ஜ் 1909-ல் செய்ததை நாம் 108 வருஷம் கழித்துச் செய்தோம். பரவாயில்லை. ஆனால், வீட்டுக்குள் வாசிக்கிற வரிசையை எந்த அரசாங்கம் வந்து நிறுத்தும்? ‘பக்கத்து வீட்டுப் பொண்ணு எவ்வளவு?’ என்று நாம்தானே கேட்கிறோம்? மரக் கரண்டி நம் கையில்தானே இருக்கிறது?

சரி, புள்ளலூர் பஸ்ஸுக்கு வருவோம்.

‘ரெண்டு பை’ என்ற பையன் வாடிப்போய் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துவிட்டான். பேச்சு இல்லை. இரண்டு பெண்களில் ஒருத்தி பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்தாள். கடித்துக் கடித்துச் சரிபாதியாக்கி, ஒரு பாதியை அவன் முன்னால் நீட்டினாள்.

“இங்க பாரு. இந்தத் தோலு ரெண்டு பை. நீ சொன்னது சரி. இப்ப இந்த வெட்டுன பக்கம் எங்கேருந்து வந்துச்சு? முழுப் பழத்துல இது இருந்துச்சா? இது ஒரு வட்டம். ஒரு பை. மொத்தம் மூணு.”

பையன் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, “ஆமா... மூடியை மறந்துட்டேன்” என்றான்.

“இந்தா, இதத் தின்னு” என்று பாதிப் பழத்தை அவனிடமே கொடுத்துவிட்டாள்.

ஒரு மார்க் போனது போனதுதான். ஆனால், ஓர் அரைக்கோளத்தின் மூடியை அவன் இனி ஆயுசுக்கும் மறக்கமாட்டான். நானும்தான்.